மின்கம்பிவழிப் பறப்புக் கட்டுப்பாடு

மின்கம்பிவழிப் பறப்புக் கட்டுப்பாடு அல்லது ஃபிளை-பை-வயர் என்பது, விமானியின் கட்டளைகளை மின் குறிப்புகளாக மாற்றிக் கணினிகள் வழியாக வானூர்தியின் கட்டுப்பாட்டுப் பரப்புகளுக்கு அனுப்பும் முறைமை ஆகும். முந்தைய பயணிகள் வானூர்திகளில் இப்பணியை எஃகு வடங்களும் கப்பிகளும் நெம்புகோல்களும் செய்தன.

வரலாறு

1969 இல் முதன்முதலில் பறந்த கான்கார்ட், ஒப்புமை மின் குறிப்புகளைப் பயன்படுத்தியது. முதன்மைக் கட்டுப்பாட்டுப் பரப்புகளை எண்ணிமக் கணினிகளால் இயக்கிய முதலாவது பயணிகள் வானூர்தி ஏர்பஸ் ஏ320 ஆகும். இது 1987 இல் முதன்முதலில் பறந்து, 1988 இல் சேவைக்கு வந்தது. போயிங் 777 இம்முறைமையுடன் 1995 இல் சேவைக்கு வந்தது.

இயங்கும் முறை

ஏ320 இன் விமானி பக்கப்பிடியைப் பின்னோக்கி இழுக்கும்போது, வாலிலுள்ள உயர்த்தி எத்தனை பாகை திரும்பவேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. வானூர்தியின் பாதை எவ்வளவு மேல்நோக்கி வளையவேண்டும் என்றே கட்டளையிடுகிறார். கணினிகள் உணரிகளிடமிருந்து வேகம் முதலிய தரவுகளைப் பெற்று, தேவையான திருப்பத்தைக் கணக்கிடுகின்றன. அதன்படி ஹைட்ராலிக் இயக்கிகள் பரப்புகளை நகர்த்துகின்றன.

உயர்த்திகளையும் இறக்கைப் பரப்புகளையும் கட்டுப்படுத்த ஏ320 இல் ஐந்து கணினிகள் உள்ளன. இவை இரு வகைப்படும். இவ்வகைகளின் நுண்செயலிகளும் மென்பொருள்களும் வெவ்வேறானவை. ஆகவே ஒரே பிழை எல்லாக் கணினிகளையும் முடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு கணினியிலும் ஒரு பிரிவு கட்டளையிட, மற்றொன்று அதனைச் சரிபார்க்கிறது. இரண்டும் முரண்பட்டால் அக்கணினி விலகிவிட, வேறொன்று பொறுப்பேற்கும்.

பறப்பு விதிகள்

'இயல்பு விதி' நடைமுறையில் உள்ளபோது, விமானி பிடியை முழுமையாகத் திருப்பினாலும் வானூர்தி 67 பாகைக்கு மேல் பக்கவாட்டில் சாயாது. இறக்கைகள் ஏற்றவிசையை இழக்கும் அளவுக்கு மூக்கு உயர்வதையும் கணினிகள் தடுக்கும். போயிங் 777 இல் விமானி கூடுதல் விசை கொடுத்து இத்தகைய எல்லைகளை மீறலாம். தரவுகள் நம்பத்தகாதவையாகும்போது ஏர்பஸ் கணினிகள் 'மாற்று விதி'க்கோ, பிடியின் அசைவு நேராகப் பரப்புக்குச் செல்லும் 'நேரடி விதி'க்கோ மாறுகின்றன. அப்போது பாதுகாப்பு எல்லைகள் பலவும் நீங்கிவிடும்.

ஏர் பிரான்ஸ் பறப்பு 447

2009 சூன் 1 அன்று, இரியோ டி செனீரோவிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற ஏ330 வானூர்தியின் வேகமறியும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தன. தன்னியக்க விமானி நின்றுபோக, கட்டுப்பாடு மாற்று விதிக்கு மாறியது. விமானி பிடியை இழுத்தபோது மூக்கு உயர்ந்தது. இறக்கைகள் ஏற்றவிசையை இழந்தன. வானூர்தி அத்திலாந்திக்குப் பெருங்கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 228 பேரும் உயிரிழந்தனர். விமானிகளுக்கு அதிக உயரத்தில் கையால் இயக்கவும் ஏற்றவிசை இழப்பிலிருந்து மீளவும் பயிற்சி அளிக்குமாறு பிரெஞ்சு விபத்துப் புலனாய்வு அமைப்பு பின்னர் பரிந்துரைத்தது.