சென்னையில் தனியாக வாழ்வது: பெருமுக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில விவரங்கள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல். மலையும் அதன்மேல் உள்ள சிவன் கோயிலும் ஊரின் அடையாளம். கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள். கோடை முழுக்க உப்பு வாருவார்கள்; ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கினால் வேலை நின்றுவிடும். அதனால் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். கல்யாணம் தள்ளிப்போகப் போக, நகரத்தில் தனியாக இருக்கும் காலமும் நீள்கிறது. அதைக் கல்யாணம் வரைக்கும் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று விட்டுவிடுவதால்தான் பணமும் உடம்பும் கெடுகின்றன.

எங்கே தங்குவது?

ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறையாக இடம் தந்திருக்கின்றன. ஐடி வேலைக்காரர்கள் பெரும்பாலும் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் ஹாஸ்டல்களில் இருக்கிறார்கள். அடிக்கடி ஊருக்கு வர நினைப்பவர்கள் தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் தங்குவது நல்லது. மின்சார ரயில் இருக்கிறது; 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் பக்கம்.

பெண்கள் முதலில் பார்க்க வேண்டியது, தமிழக அரசின் 'தோழி' விடுதிகளை. தாம்பரம் உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தனியார் விடுதி என்றால், உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த உரிமம் கட்டாயம்.

ஹாஸ்டல் பில்லையும் பாருங்கள். தொடர்ந்து 90 நாளாவது தங்குபவரிடம், மாதம் 20,000 ரூபாய் வரையிலான வாடகைக்கு ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. 2024 ஜூலையில் இந்த விலக்கு வந்தது.

வீடு எடுத்தால்

கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடு தர மறுக்கும் உரிமையாளர்கள் இன்னும் நிறைய. பிடிக்காத தெருவில், கூடுதல் வாடகைக்குப் போக நேர்வது உண்மையான வேதனை. ஆனால் வீடு கிடைத்தபின் உங்களுக்கும் உரிமைகள் உண்டு. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. கையெழுத்துப் போடுமுன் அட்வான்ஸ் பற்றிய வரியை இரண்டு முறை படியுங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், மின்மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

சாப்பாடு

தனியாக இருப்பவர்களின் உடம்பு முதலில் கெடுவது வயிற்றில்தான். காலையில் ஒன்றுமில்லை, ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா என்பது பலருக்கும் பழகிவிட்டது. ஆளுக்கு ஒரு பார்சல் வாங்குவதைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருவேளை சமைத்தால் செலவு குறையும். முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். சமைக்க முடியாத நாளில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். அங்கே போய்ச் சாப்பிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

ஊருக்குப் பணம்

உப்பள வேலை நிற்கும் மழை மாதங்களில்தான் வீட்டுக்குப் பணம் அதிகம் தேவைப்படும். தீபாவளியும் அப்போதே வரும். ஆகவே கோடையிலேயே மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள். கடைசி நேரத்தில் கடன் செயலிகளில் வாங்கி அனுப்பாதீர்கள். அந்த வட்டி அடுத்த வருடம்வரை துரத்தும்.

துணை

ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருடனும் பேசாமல் அறையில் கிடப்பது பலருக்கும் நடப்பது. அது உங்கள் குணக்கேடு அல்ல. ஊரில் டீக்கடையும் கோயில் திருவிழாவும் தானாகக் கொடுத்த பழக்கத்தை நகரத்தில் நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாலையில் பூங்காவில் நடை, அருகில் உள்ள நூலகம், சனிக்கிழமை கிரிக்கெட் என ஏதாவது ஒன்றை வாராவாரம் தவறாமல் செய்யுங்கள். ஒரே முகங்களை மறுபடி மறுபடி பார்த்தால்தான் நட்பு வரும். காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்ட ஒருவராவது வேண்டும். பக்கத்து வீட்டாரின் போன் எண் உங்களிடமும், உங்கள் வீட்டு எண் அவர்களிடமும் இருக்கட்டும். மனம் தாங்காத நாளில் 14416 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். பெண்களுக்கு உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். போன் எடுத்ததும் "பொண்ணு பார்க்கட்டுமா, மாப்பிள்ளை பார்க்கட்டுமா" என்று தொடங்காதீர்கள். "இன்னிக்கு என்ன சாப்பிட்ட, கூட யாரு இருக்கா" என்று முதலில் கேளுங்கள். பிள்ளை மனம்விட்டுப் பேசும்.