அப்பாவின் கோப்பு, மகளின் அந்தரங்கம்

காதலிக்கத் தொடங்கும் இருவர், தங்களுக்குள் சொந்தம் ஏதும் உண்டா என்று கைபேசிகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துக்கொள்ள ஐஸ்லாந்தில் 2013இல் ஒரு செயலியே வந்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதற்கு ஆதாரமாக இருப்பது ‘இஸ்லெண்டிங்காபோக்’ என்னும் வம்சாவளித் தரவுத்தளம். யார் பிள்ளை யார் என்பதைப் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சொல்லும். மரபணு ஆய்வாளருக்கு இது புதையல்.

1996இல் காரி ஸ்டெஃபான்சன் தொடங்கிய டிகோட் நிறுவனம் இப்படிப்பட்ட வம்சாவளிப் புதையலை நம்பித்தான் வந்தது. அதன் முயற்சியை ஒட்டி 1998 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. எல்லோருடைய மருத்துவக் குறிப்புகளும் ஒரே தரவுத்தளத்தில் சேரும். வேண்டாம் என்பவர்தான் எழுதிக் கொடுத்து விலக வேண்டும். வாய் திறக்காதவரெல்லாம் சம்மதித்தவர் கணக்கு! சுமார் 2.7 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 20,000 பேர் விலகினார்கள். சரி, செத்துப்போனவர் எப்படி எழுதிக் கொடுப்பார்?

ஓர் இளம்பெண் இதைத்தான் கையிலெடுத்தார். காலமான தன் தந்தையின் குறிப்புகளைச் சேர்க்கக் கூடாது என்றார், அதிகாரிகள் மறுத்தார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் மகளின் பக்கம் நின்றது. தந்தையின் உடம்பைப் பற்றித் தெரிந்தால் மகளின் உடம்பைப் பற்றியும் ஊகிக்கலாம். ஆகவே இது அவருடைய அந்தரங்கமும்கூட என்றது. அந்தத் தரவுத்தளம் கடைசிவரை உருவாகவேயில்லை.

ஆய்வு நிற்கவில்லை. சம்மதித்து ரத்தம் கொடுத்தவர்களின் மரபணுக்களை வம்சாவளியோடு பொருத்தினால், கொடுக்காத உறவினருக்கு என்ன இருக்கலாம் என்பதையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பிஆர்சிஏ2 மரபணுவில் ஐந்தே எழுத்துகள் விடுபட்ட ஒரு பிழை ஐஸ்லாந்துக்காரர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. பெண்களுக்கு மார்பகம், சூலகம், ஆண்களுக்கு புராஸ்டேட் என்று புற்றுநோய் வாய்ப்பை அது கூட்டுகிறது.

ஆபத்தில் இருப்பவர்களை அழைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டெஃபான்சன் பல ஆண்டுகள் வாதாடினார். ஆய்வுக்கே வராதவரிடம் போய்ச் சொல்ல யார் அனுமதி கொடுத்தது என்று எதிர்த்தரப்பு கேட்டது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஓர் உரிமைதானே?

2018இல் டிகோட் ஓர் இணையதளம் திறந்தது. விரும்புகிறவர் விண்ணப்பித்து, தன்னிடம் அந்தப் பிழை உண்டா எனக் கேட்டுக்கொள்ளலாம். நாகரிகமான ஏற்பாடுதான். ஆனால் கேட்க வேண்டும் என்றே தோன்றாதவருக்கு அதனால் பயனில்லை. அதைவிடச் சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. அக்காவுக்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால், தங்கைக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு. தங்கை கேட்கவே விரும்பாதவர். முன்னெச்சரிக்கையாக மார்பகத்தை அகற்றிக்கொள்ளும் அக்கா, அதை எந்தத் தங்கையிடம் மறைக்க முடியும்?