கரடியை வெல்வது யார்?

இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றக்கூட இல்லை. எங்கள் மூத்தவன் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றபடி கேட்டான்:

“அப்பா, கிறிஸ்லிக் கரடியை ஆர் அடிச்சு வெல்லும்?”

நித்திரை கண்ணைச் சொருகியது. “யானை” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டோம். பின்னேரம் எழும்பித் தேத்தண்ணி குடிக்கும்போது பார்த்தால், அவன் கொப்பி நிறைய மிருகங்களின் பெயர் எழுதி வைத்திருந்தான். சிங்கம், புலி, முதலை, காண்டாமிருகம் என்று ஒரு பக்கம் முழுவதும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் இருப்பவர்களுக்கு இது புதினம் அல்ல. 1960களில் கட்டத் தொடங்கிய 19 உயர்ந்த கட்டடங்கள் இங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கனடாவின் ஒரு நகரத்தின் பெயர். லிஃப்ற்றுக்குள் ஏறினால் உலகத்தின் பாதி உள்ளே நிற்கும். நேபாளப் பெடியன் காண்டாமிருகந்தான் வெல்லும் என்கிறான். எதியோப்பியப் பெடியன் சிங்கம் என்கிறான். பிலிப்பைன்ஸ் பிள்ளை முதலையை விட்டுக்கொடுக்க மாட்டாளாம். எங்கள் மகன் யானை என்று சொல்ல, “யானை எங்கட நாட்டிலையும் இருக்கு” என்று நேபாளப் பெடியன் வாயை அடைத்துவிட்டானாம்.

நாங்கள் சாதாரணதரத்தோடு படிப்பை விட்டவர்கள். இதைப் பற்றி எழுதப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளை கேட்டதற்காக ஷேர்போர்ன் வீதியும் வெலஸ்லி வீதியும் சந்திக்கும் இடத்திலுள்ள நூல்நிலையத்துக்குப் போய், படம் போட்ட புத்தகங்களை எடுத்துவந்து, இரண்டு கிழமை அவனோடு இருந்து எழுத்துக்கூட்டி வாசித்தோம். அறிந்ததை உங்களோடு பகிர்கிறோம்.

கரடி எப்படிப்பட்டது?

கனடாவில் மூன்று வகைக் கரடிகள் உண்டு. கறுப்புக் கரடி, பழுப்புக் கரடி, பனிக்கரடி. இங்கே ‘கிறிஸ்லி’ என்று சொல்வது பழுப்புக் கரடியைத்தான். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, யூக்கோன் போன்ற மேற்கு, வடக்குப் பகுதிகளிலே அது வாழ்கிறது. எங்கள் ஒன்ராறியோவில் இல்லை. உள்நாட்டு மலைகளில் வாழும் ஆண் கிறிஸ்லி 180 முதல் 360 கிலோ வரை இருக்கும். அலாஸ்காக் கரையில் சல்மன் மீன் தின்று வளர்வது 500 கிலோவையும் தாண்டும். அதன் தோளிலே ஒரு திமில் இருக்கிறதே, அது கொழுப்பு அல்ல, முழுவதும் தசை. மண்ணைக் கிண்டிக் கிழங்கு எடுக்க அந்தத் தசை வேண்டும். நகம் மனிதனின் விரல் நீளம். ஓடினால் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். இப்படியொன்றை எது வெல்லும்?

உடம்பால் பெரியவை

யானைக்கு முன்னால் பேச்சே இல்லை. எங்கள் நாட்டு ஆண் யானை நாலைந்து தொன் இருக்கும். பத்துக் கரடியைத் தராசில் ஏற்றினாலும் யானைப் பக்கம் உயராது. காண்டாமிருகமும் அப்படித்தான். ஆனால் யானையும் கிறிஸ்லியும் ஒரு காட்டில் சந்திப்பதில்லை. சந்திக்காதவை சண்டை பிடிப்பது பிள்ளைகளின் கொப்பியில் மட்டுந்தான்.

சந்திக்கின்றவற்றில் பெரியது இந்த நாட்டின் பைசன் எருமை. வளர்ந்த கிடாய் 900 கிலோ வரை வரும். கிறிஸ்லி அதன் கன்றையும், நோயாளியையும், வின்ரரில் செத்ததையும் தேடுமே தவிர, திடகாத்திரமான கிடாயோடு அநேகமாகக் கொழுவாது.

புலியும் கரடியும்

புலியும் பழுப்புக் கரடியும் ஒரே காட்டில் வாழும் இடம் ரஷ்யாவின் கிழக்குக் கோடி. அங்கே சிகோட்டே-அலின் என்ற மலைத்தொடர் இருக்கிறது. புலி கரடியைக் கொன்று தின்பதும், கரடி புலியைக் கொல்வதும் அங்கே பதிவாகியிருக்கின்றன. ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள் திரட்டிய 44 மோதல்களில் பாதியிலே கரடி செத்தது. கால்பங்குக்குச் சற்றுக் கூடுதலானவற்றில் புலி செத்தது. மற்றவற்றில் இரண்டும் தங்கள் பாட்டில் போய்விட்டன.

இதைப் பார்த்துப் புலிதான் பலசாலி என்று முடிவுகட்ட முடியாது. புலி தன்னிலும் சிறிய கரடியைத் தெரிந்தெடுத்து, பின்புறமாகப் பதுங்கி வந்து கழுத்தைப் பிடிக்கும். பெரிய ஆண் கரடியைக் கண்டால் ஒதுங்கிப் போகும். கரடியோ புலியின் அடிச்சுவட்டைப் பின்தொடர்ந்து போய், அது பிடித்த இரையைப் பறித்துத் தின்னும். ஆக, யார் பெரியவர் என்பதல்ல, எப்போது, எப்படி என்பதே காரியம்.

பெரியது விலகிப் போன கதை

பனிக்கரடி கிறிஸ்லியைவிடப் பெரியது. அலாஸ்காவின் வடகரையில் கக்ரோவிக் என்ற கிராமத்து மக்கள் திமிங்கிலம் பிடித்து, மிஞ்சிய எலும்பை ஊருக்கு வெளியே குவிப்பார்கள். இரண்டு வகைக் கரடியும் அங்கே தின்ன வரும். ஆராய்ச்சியாளர்கள் இருந்து பார்த்தபோது, அநேகமாக விலகிப் போனது பெரிய பனிக்கரடிதான். சின்னக் கிறிஸ்லி முறைத்துக்கொண்டு வந்தால் அது எழும்பிப் போய்விடும். காயப்பட்டால் பிறகு கடலில் வேட்டையாட முடியாது என்பதால் போலும். அதற்குப் பெயர் தோல்வியா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆட்டின் கொம்பு

எங்கள் மகனுக்கு ஆகப் பிடித்தது இதுதான். 2021 செப்ரெம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் யோகோ தேசியப் பூங்காவில், மலைப்பாதையில் நடந்தவர்கள் செத்துக் கிடந்த ஒரு கிறிஸ்லியைக் கண்டார்கள். 70 கிலோ எடையுள்ள பெண் கரடி. பூங்கா அதிகாரிகள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கக்கத்திலும் கழுத்தடியிலும் ஆழமான துளைகள். மலையாட்டின் கொம்பு ஏறிய அடையாளம். கிறிஸ்லி மேலே பாய்ந்து தலையையும் தோளையும் பிடிக்கிற மிருகம். அப்படிப் பாய்ந்தபோது கீழே நின்ற ஆடு கத்திபோன்ற கொம்பை நிமிர்த்தியிருக்கிறது.

“ஆடு வெண்டிட்டுது!” என்று அவன் துள்ளிய துள்ளலில் கீழ்மாடிக்காரர் சுவரில் தட்டினார்.

மனிதர் மூட்டிய சண்டைகள்

மிருகங்கள் தாமாகப் போட்ட சண்டை சொற்பம். மனிதர் பிடித்துவந்து மூட்டிய சண்டையே அதிகம். இங்கிலாந்தில் கரடியைக் கட்டிவைத்து நாயை ஏவி விடுவது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. 1835இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். கலிபோர்னியாவில் 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்லியையும் காளையையும் ஒரே சங்கிலியில் பிணைத்துப் பந்தயம் கட்டினார்கள். பெரும்பாலும் கரடி வென்றது. வென்று என்ன பயன்? 1920களில் அந்த மாநிலத்தில் ஒரு கிறிஸ்லியும் மிஞ்சவில்லை. கொடியிலே மட்டும் இன்றைக்கும் நிற்கிறது.

எங்களுக்குப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. பாளிமென்ற் வீதியால் இறங்கி வின்செஸ்ரர் வீதியில் திரும்பி நடந்தால் ரிவர்டேல் பண்ணை வரும். ஆடு, மாடு, கோழி பார்க்கலாம், காசு இல்லை. முன்னர் அந்த இடத்தில்தான் ரொறன்ரோவின் மிருகக்காட்சிச்சாலை இருந்தது. கூண்டிலே கரடிகளும் இருந்தன. 1974இல் ஸ்காபரோவில் பெரிய மிருகக்காட்சிச்சாலை திறந்தபோது இதை மூடினார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.

எங்கள் ஊர்க் கரடி

வன்னிக் காட்டில் வளர்ந்த எங்களுக்குக் கரடி புதிதல்ல. எங்கள் ஊர்க் கரடி கிறிஸ்லியின் பாதிகூட வராது. ஆண் கரடியே 140 கிலோ அளவில் நிற்கும். ஆனால் யானைக்குப் பயப்படாத காட்டுக்காரரும் கரடிக்குப் பயப்படுவார்கள். பாலைப்பழக் காலத்தில் அது மரத்தடியில் நிற்கும். அதற்குப் பார்வையும் காதும் மட்டு. ஆள் கிட்ட வரும்வரை தெரியாது. தெரிந்ததும் ஓடாது, முகத்திலே பாயும்.

இதற்கும் அறிந்தவர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். இந்தக் கரடி இனம் இந்தியக் காடுகளில் புலியோடு வாழ்ந்து பழகியது. மரத்தில் ஏறினாலும் தப்ப முடியாது, ஓடினாலும் தப்ப முடியாது. அதனால் முந்திப் பாய்ந்து வெருட்டுவதே அதன் வழியாயிற்று. 2018 பெப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் தடோபாக் காட்டில் குட்டியோடு வந்த தாய்க் கரடி ஒன்று, தண்ணீர்க் குட்டையடியில் ஒரு பெரிய ஆண் புலியோடு மல்லுக்கட்டியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். கடைசியில் இரண்டும் உயிரோடு பிரிந்தன. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் பெரியப்பா ஒருவருக்குக் கரடி ஒரு கண்ணையும் கன்னத்தையும் கொண்டுபோனது. ஆனால் அவர் கரடியை ஒருநாளும் திட்டியதில்லை. “அது என்னைத் தேடி வரேல்லை. நான்தான் அதின்ரை பழத்துக்குப் போனனான்” என்று மட்டும் சொல்லுவார்.

கிறிஸ்லி யார்?

இவ்வளவும் வாசித்து முடித்த அன்றிரவு, வேலைக்கு வெளிக்கிடும்போது மகனிடம் கேட்டோம். “தம்பி, ஏன் உனக்குக் கிறிஸ்லியை வெல்லோணும்?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான். “கிறிஸ்லி எண்டுறது கரடி இல்லை அப்பா. எங்கட பள்ளிக்கூடப் பெடியன். எல்லாரும் அவனை அப்பிடித்தான் கூப்பிடுறவை.”

அவனிலும் இரண்டு வயது மூத்தவனாம். இடைவேளையில் இவன் தொப்பியைப் பறித்துப் பனிக்குள் எறிவானாம். அந்த வின்ரரில் மூன்று தொப்பி துலைத்துவிட்டான் என்று தாய் பிள்ளையைத்தான் ஏசியிருந்தாள். “ஏனப்பன் சொல்லேல்லை?” என்று அவள் கேட்டதற்கு, “அப்பா பகலிலை நித்திரை. உங்களுக்கு இங்கிலிஷும் வராது” என்றான்.

அந்தச் சொல் எங்களைத் தைத்தது. பிள்ளை எங்களைக் குறை சொல்லவில்லை, எங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாது என்று நினைத்திருக்கிறான். தன் சண்டைக்குத் தானே ஒரு மிருகம் தேடியிருக்கிறான்.

“ஆடு குத்தின மாதிரி நானும் குத்தட்டோ?” என்று கேட்டான். அப்போதுதான் பயந்தோம். அவனை இருத்தி, ஆட்டின் மிச்சக் கதையைச் சொன்னோம். கொம்பு அதற்குக் கடைசி வழி. மலையாடு முதலில் ஓடுவது செங்குத்துப் பாறைக்கு. கரடியால் அங்கே கால் வைக்க முடியாது. பாறைக்கு ஓடுகிற ஆடு கோழை அல்ல. தன் இடம் எது என்று தெரிந்த ஆடு. நாங்களும் ஒருநாள் எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்தவர்கள்தானே. அது தோல்வி என்று நினைத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் எங்கே?

அடுத்தநாள் நித்திரையை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். ஆசிரியை இருந்து கேட்டார். மற்றப் பெடியனையும் கூப்பிட்டுக் கதைத்தார். ஒரு தொப்பி திரும்பி வந்தது. இரண்டு பேரும் சிநேகிதர் ஆகிவிடவில்லை. ஆனால் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். புதிதாக வந்த பெற்றோருக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: இங்கிலிஷ் வராது என்று பள்ளிக்கூட வாசலில் தயங்கி நிற்காதீர்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று கேளுங்கள்.

காட்டுக்குப் போகிறவர்களுக்கு

கோடையில் எங்கள் ஆட்கள் அல்கொங்குவின் பார்க்குக்குப் போகிறார்கள். அங்கே கிறிஸ்லி இல்லை, கறுப்புக் கரடி உண்டு. அநேகமாக அது ஆளைக் கண்டால் ஒதுங்கிவிடும். ஆனால் 1991இல் அங்கே ஒபியோங்கோ ஏரித் தீவில் இரண்டு பேரைக் கொன்றிருக்கிறது. ஆகவே கவனியுங்கள். இறைச்சிக் கறி, ரொட்டி, பற்பசை எதையும் கூடாரத்துக்குள் வையாதீர்கள். காரின் டிக்கியில் பூட்டுங்கள். குப்பையை உடனே அகற்றுங்கள். நடக்கும்போது கதைத்துக்கொண்டு நடவுங்கள். கரடியைக் கண்டால் ஓட வேண்டாம், மரத்தில் ஏற வேண்டாம். பிள்ளையைக் கிட்ட எடுத்து, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். அது வந்து தாக்கினால் மட்டும் கையில் கிடைத்ததால் திருப்பி அடியுங்கள்.

கொப்பியில் எங்கள் மகன் கடைசியாக ஆட்டின் படம் கீறியிருக்கிறான். கீழே தமிழில் பெயர் எழுதித் தரச் சொன்னான். ‘மலையாடு’ என்று எழுதிக் கொடுத்தோம். லிஃப்ற்றுக்குள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து, “நேபாளத்திலை இந்த ஆடு இல்லையாம்” என்றான்.