உள்ளே வைத்த தகட்டைக் கழற்றலாமா?

போரில் எலும்பு முறிந்து, உடலுக்குள் தகடும் திருகாணியுமாக வாழ்பவர்கள் எம்மிடையே பலர். "இதைக் கழற்றலாமா?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். முடிவு வைத்தியருடையது. ஆனால் கழற்றுவது இலகுவா, கடினமா என்பதில் அந்த உலோகத்தை மெருகூட்டிய விதத்துக்கும் பங்குண்டு.

மெருகூட்டல் என்பது பெரிய கீறலைச் சிறிய கீறலாக்குவதுதான். கரடான அரத்தாளில் தொடங்கி, படிப்படியாக நுண்ணியதற்குப் போகவேண்டும். ஒரு படியைத் தாண்டினால் ஆழமான கீறல் அப்படியே நிற்கும். அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் உலோகம் சூடேறிப் பழுதாகும்.

துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளை இறுதியில் மின்னால் மெருகூட்டுவார்கள். அமிலக் கரைசலில் மின்னோட்டம் பாயும்போது மேடுகள் பள்ளங்களைவிட வேகமாகக் கரையும். மின்னோட்டம் குறைந்தால் மேற்பரப்பு மங்கும். கூடினால் குழி விழும்.

வழுவழுப்பான மேற்பரப்பை எலும்பு இறுகப் பற்றாது. சொரசொரப்பான டைட்டேனியத்தைப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் சீமெந்தில்லாமல் பொருத்தும் செயற்கை இடுப்பு மூட்டில், எலும்புக்குள் இறங்கும் தண்டு சொரசொரப்பாக இருக்கும். மூட்டில் உராயும் உலோகக் குண்டின் கரடுமுரடோ 0.05 மைக்ரோமீற்றரைத் தாண்டக்கூடாது. அது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

எக்ஸ்றேயில் தகட்டின் வடிவம் தெரியும், மேற்பரப்பு தெரியாது. ஆகவே என்ன தகடு, எப்போது வைக்கப்பட்டது என்று எழுதிய கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். அது தொலைந்திருந்தால், சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையையும் ஆண்டையுமாவது வைத்தியரிடம் சொல்லுங்கள்.