சைபர் பாடத்துக்கு வாத்தியார் யார்?

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்ட இன்னும் இரண்டே நாள். வத்திராயிருப்புப் பக்கமிருந்து வரும் கடிதங்கள் ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: சைபர் செக்யூரிட்டி பிரிவு சரி, அதை நடத்த ஆள் இருக்கிறதா? 'வேலை கிடைக்குமா' என்பதைவிட நல்ல கேள்வி.

இருக்கிறது என்கிறது மத்திய அரசு. ஆதாரம், 2005இல் தொடங்கிய ஐ.எஸ்.இ.ஏ. எனும் தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டம். சென்னை ஐஐடி போன்ற வள மையங்கள் மற்றக் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரும். அவர்கள் ஊர் திரும்பி அடுத்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய, அடுத்த கண்மாய் பெருகுகிற கணக்கு. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் கடைசிக் கண்மாய்க்கு எவ்வளவு வந்து சேரும் என்பது வத்திராயிருப்புச் சம்சாரிகளுக்குத் தெரியாததா?

2014இல் வந்த இரண்டாம் கட்டத்தின் இலக்கு 1.14 லட்சம் பேருக்குப் பயிற்சி. இந்தக் கணக்கில் இரண்டு வருடம் எம்.டெக். படித்தவரும் ஒரு தலை. சில நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவரும் ஒரு தலை. ஆசிரியருக்கோ பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும், கல்லூரிக்குத் தரம் மதிப்பிட வரும் நாக் குழுவிடம் காட்ட எண்ணிக்கை வேண்டும். கற்றாரா என்று கேட்கும் அவசரம் இருவருக்கும் இல்லை.

வித்தியாசம் வகுப்பில் தெரிந்துவிடும். ஒருவர் ஸ்லைடைப் படித்துவிட்டுப் போவார். இன்னொருவர் நெட்வொர்க்கில் ஓடும் தகவலைப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, பூட்டில்லாத ஒரு சோதனைத் தளத்தில் மாணவனையே லாகின் செய்யச் சொல்வார். அவன் அடித்த பாஸ்வேர்டு அப்படியே சிவப்பு எழுத்தில் திரையில் நிற்கும். அந்தப் பையன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். இந்த இரண்டாமவரை உருவாக்க சில நாள் வகுப்பு போதாது.

மற்றக் கேள்விகள்:

கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் கலந்தாய்வில் வருமா? வராது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், சேர்க்கை தனி.

ராஜபாளையம் ராம்கோ? வரும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் சைபர் செக்யூரிட்டி படிக்க முடியாதா? முடியும், கிரிப்டோகிராஃபி அதிலேயே ஒரு தாள்.

ஆசிரியர் பிஎச்.டி. முடித்திருந்தால் போதுமா? எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள்.

பூட்டுவதற்கு முன் கல்லூரிக்கு ஒரு நடை போய்வாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ்களை விடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.