முகப்பு விளக்கில் விழுந்த கீறல்கள்

ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும். விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரைச் சாலை, தெருவிளக்கு கிடையாது. எதிரே விளக்கில்லாத சைக்கிளில் ஒரு பால்காரர் வந்தார். பத்தடி தூரத்துக்கு வந்த பிறகே அவரைக் கண்டேன். வண்டியை ஒடித்ததில் நான் மண்ணில் இறங்கினேன். அவர் கேனோடு சாய்ந்தார். நல்ல வேளையாக இருவருக்கும் அடியில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அவர் கேட்டார்: "என்னங்க சார், எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சு போற மாதிரி லைட்டு அடிக்குது. உங்களுக்கு மட்டும் ரோடு தெரியலையா?"

இயற்பியல் ஆசிரியனாகிய நான் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது. ஒரே விளக்கு எதிரில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. ஓட்டுபவருக்கு வழி காட்டவில்லை. இது எப்படி? மறுநாள் காலையில் விளக்கை ஆராய்ந்தேன். பல்பு புதியது. ஆனால் அதன் முன்னே உள்ள கண்ணாடி முழுவதும் மெல்லிய கீறல்கள். பால் கலந்த நீர்போல் மங்கியிருந்தது.

கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

பழைய மோட்டார் சைக்கிள்களில் இப்பகுதி உண்மையாகவே கண்ணாடியால் ஆனது. இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். 1953-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் ஆகிய இருவர் தனித்தனியே கண்டறிந்த பொருள் இது. இதன் எடை அதே அளவுள்ள கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. கல் தெறித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் மென்மையானது, சுலபமாகக் கீறல் விழும்.

சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸின் எண் 7. சாதாரணக் கண்ணாடிக்கே ஏறத்தாழ 5.5 தான். கண்ணாடியையே கீறும் மணல், பிளாஸ்டிக்கை விடுமா? இதனால்தான் தயாரிப்பாளர்கள் சில மைக்ரான் கனத்தில் ஒரு கெட்டியான பூச்சைப் பூசி அனுப்புகிறார்கள். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரும் புழுதியும் நாளடைவில் அதை அரித்துவிட, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளிக்கத் தொடங்குகிறது.

என் விளக்கைக் கெடுத்தது யார்? நானேதான். தினமும் காலையில் உலர்ந்த பனியன் துணியால் இடமும் வலமுமாக அழுத்தித் துடைத்து வந்தேன். சுத்தம் செய்வதாக எண்ணி மணலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்!

கீறல் என்ன செய்கிறது?

வழவழப்பான பரப்பின் வழியே ஒளி தன் திசை மாறாமல் செல்லும். கீறல் என்பது ஒரு நுண்ணிய பள்ளம். அதன் சாய்ந்த சுவர்கள் சின்னஞ்சிறு முப்பட்டகங்களைப்போல் ஒளியைத் திருப்பிவிடுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீறல் எத்திசையில் ஓடுகிறதோ, அதற்குச் செங்குத்தான திசையில்தான் ஒளி சிதறும். இடவலமாக விழுந்த கீறல்கள் ஒளியை மேலும் கீழுமாகப் பரப்பும்.

தாழ்ந்த ஒளிக்கற்றை சாலையிலேயே விழுந்து, எதிரில் வருபவரின் கண் மட்டத்துக்கு எழாமல் இருக்கும்படி அமைக்கப்படுவது. என் கீறல்கள் அதில் ஒரு பகுதியை மேலே தூக்கிப் பால்காரரின் கண்ணில் இறைத்தன. அந்த அளவுக்குச் சாலையில் விழும் ஒளி குறைந்தது. அவர் கேள்விக்கு விடை இதுதான்.

நீர்ச் சோதனை

கீறலை நீக்க முற்படும் முன், பரப்பில் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.58, காற்றுக்கு 1, நீருக்கு 1.33. பள்ளத்தில் நீர் நிறைந்ததும் இரு பொருள்களுக்கிடையேயுள்ள வேறுபாடு குறைகிறது. காற்றை ஒட்டிய பரப்பில் நூற்றுக்கு 5 பங்கு ஒளி பிரதிபலிக்கும். நீரை ஒட்டிய பரப்பில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கீறல்கள் மறைந்தாற்போல் தோன்றும். நனைந்ததும் தெளிந்தால், பழுது வெளிப்பரப்பில்தான் இருக்கிறது; மெருகிட்டால் சரியாகும். நனைந்தும் மங்கலாகவே இருந்தாலோ, உள்ளே விரிசல் இருந்தாலோ, மாற்றிவிடுவதே முறை.

ஒரேயொரு கீறல் மட்டும் இருந்தால் அதைத் தொடாதீர்கள். 15 செ.மீ. விட்டமுள்ள விளக்கில், 5 செ.மீ. நீளமும் 0.1 மி.மீ. அகலமும் கொண்ட கீறல் மறைக்கும் பரப்பு பத்தாயிரத்தில் 3 பங்குதான். அதற்காக நல்ல பூச்சு முழுவதையும் தேய்த்தெடுப்பது நஷ்டம்.

மெருகிடும் முறை

பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்கத்தான் முடியும். மெருகேற்றுவது கீறல்களைப் போக்குவதில்லை, கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியதாக்குகிறது என்று 1704-ல் வெளியான 'ஆப்டிக்ஸ்' நூலிலேயே நியூட்டன் விளக்கியிருக்கிறார். கண்ணுறு ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மேடுபள்ளம் அதைவிட மிகச் சிறியதாகிவிட்டால் ஒளி தடங்கலின்றிச் செல்லும்.

விளக்கு ஆறிய பின் சோப்பு நீரால் கழுவுங்கள். சுற்றிலும் பெயிண்ட் மீது டேப் ஒட்டுங்கள். வாட்டர் பேப்பர் எனப்படும் நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில் 1000, 1500, 2000, 3000 எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். 1000 எண் தாளின் துகள் சுமார் 18 மைக்ரான். 2000 எண்ணில் சுமார் 10. எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும்.

முதல் தாளால் இடவலமாக மட்டும் தேய்க்க வேண்டும். பழைய கீறல்கள் போய், பரப்பு ஒரே சீராக வெளுத்துவிடும். பயப்பட வேண்டாம். அடுத்த தாளால் மேலும் கீழுமாக மட்டும் தேயுங்கள். இடவலக் கோடுகள் அறவே மறைந்தால்தான் அந்தக் கட்டம் முடிந்தது. இவ்வாறு திசையை மாற்றி மாற்றிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவ வேண்டும். பெரிய துகள் ஒன்று தங்கினாலும் உழைப்பு வீண். முடிவில் பிளாஸ்டிக்குக்கு உரிய பாலிஷை மெத்தென்ற துணியில் தொட்டுத் தேய்த்தால் தெளிவு திரும்பும்.

பற்பசையிலும் நுண்ணிய தேய்பொடி உண்டு. மெல்லிய மங்கலை அது ஓரளவு போக்கும். ஆழமான கீறலுக்கு உதவாது. பெட்ரோலும் தின்னரும் கூடவே கூடாது. அவை பாலிகார்பனேட்டில் விரிசல் உண்டாக்கும்.

வேலை இத்துடன் முடிந்துவிடவில்லை. இப்போது பிளாஸ்டிக் பாதுகாப்பின்றி நிற்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமற்ற பூச்சைப் பூசாவிட்டால் மீண்டும் மஞ்சளித்துவிடும். மெழுகு பூசினால் சிறிது காலமே தாங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுதில் என் விளக்கு தெளிந்தது. அன்றிரவே ஏரிக்கரைச் சாலையில் போய்ப் பார்த்தேன். முன்பு கண்ணில் படாத மைல் கல் தூரத்திலேயே தெரிந்தது. பனியன் துணியை இப்போது நனைத்துத்தான் எடுக்கிறேன். அதுவும் முதலில் ஒரு செம்பு நீரை ஊற்றிப் புழுதியை இறக்கிய பிறகே. அந்த ஒரு செம்பு நீர் எதிரே வரும் ஒருவரின் உயிரைக் காக்கக்கூடும்.