மைக் இல்லை... ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்!

பம்பாய் பெண்மணி லண்டனில் கற்ற வித்தை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலையில் வேலை பார்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். மெஷின் ஓடும்போது பக்கத்து ஆளிடம் நாலு வார்த்தை கத்திச் சொல்வதற்குள் தொண்டை வற்றிவிடும். ஷிப்டு முடிந்து லோக்கல் ரயில் ஏறும்போது குரல் கரகரக்கும்.

எழுபது, எண்பது வாத்தியங்கள் ஒரே நேரத்தில் முழங்க, அதற்கு மேலே ஒற்றைக் குரல் எழும்ப வேண்டும். மைக் கிடையாது. நடித்துக் கொண்டே பாட வேண்டும். குரலும் கெடக்கூடாது. முடிகிற காரியமா?

முடியும்! அதுதான் ஓபரா. நம்மூர் இசை நாடகத்துக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி என்று வைத்துக் கொள்ளுங்களேன். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் கொடி கட்டிப் பறந்த நாட்களில் இங்கும் தொண்டைதான் மைக்!

இந்த வித்தையில் பேர் வாங்கிய இந்தியர், சொப்ரானோ பாடகி பெட்ரீஷியா ரொஸாரியோ. சொப்ரானோ என்றால் பெண் குரலில் உச்ச ஸ்தாயி. 1960-ல் பம்பாயில் பிறந்தவர், பூர்வீகம் கோவா.

கத்தல் அல்ல!

ஓபரா பாடகர் கத்துவதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவின் பலமெல்லாம் 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். 3000 பக்கம் போனால் சத்தம் அடங்கிவிடும். பயிற்சி பெற்ற ஆண் குரல் அந்தச் சந்தில் புகுந்து மின்னும். பெண் குரல் உச்சத்துக்குப் போகும்போது தாடையை இறக்கி, வாய்க்கூடே சுருதிக்குச் சேர்ந்து ஒலிக்கும்படி செய்து கொள்ளும். மூச்சைச் சிக்கனமாக விடுவது இன்னொரு பாடம். இதெல்லாம் புத்தகம் படித்து வராது. எதிரே குரு உட்கார்ந்து, 'இப்படி இல்லை, அப்படி' என்று திருத்த வேண்டும்.

அந்தக் குருவைத் தேடித்தான் பெட்ரீஷியா லண்டன் போனார். கில்ட்ஹால் இசைப் பள்ளியில் படித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். ஜான் டாவனர் என்ற பெரிய இசையமைப்பாளர் இவர் குரலில் சொக்கிப் போய், இவருக்கென்றே 30-க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார் என்றால் பாருங்களேன்! 1992-ல் அரங்கேறிய 'எகிப்தின் மேரி' ஓபராவில் இவர்தான் மேரி. தாறுமாறாக வாழ்ந்து, பின்பு பாலைவனத்தில் தவம் இருந்த பெண் துறவியின் கதை அது. 2001-ல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருதும் வந்தது.

லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பேராசிரியை. இதோடு நின்றிருந்தால் வெளிநாட்டில் ஜெயித்த இந்தியர் கதை, அவ்வளவுதான்.

திரும்பி வந்தார்

2009-ல் கணவர், பியானோ கலைஞர் மார்க் ட்ரூப்புடன் இந்தியாவுக்கு வந்து வகுப்பு எடுக்கத் தொடங்கினார். குரல் இங்கே இருக்கிறது, வாத்தியார்தான் இல்லை! நம் சென்னையையே எடுத்துக் கொள்ளுங்கள். மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லிருந்து கூட்டுப் பாட்டு பாடுகிறது. ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரி 2008-ல் வந்தது. ஆனாலும் ஓபரா மேடையில் தனியாக நிற்க ஆசைப்படுகிறவர் கடைசியில் கப்பலோ விமானமோ ஏறத்தான் வேண்டியிருக்கிறது. லண்டனில் படிக்க ஆகும் பணம் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?

பம்பாயில் ஓபரா ஹவுஸ் என்றே ஒரு பேட்டை உண்டு. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்த கட்டிடம். நாளடைவில் சினிமாக் கொட்டகை ஆகி, 1993-ல் பூட்டியே விட்டார்கள். பழுது பார்த்து 2016 அக்டோபரில் மறுபடி திறந்தபோது, அங்கே பாடியவர் பெட்ரீஷியா!

கட்டிடம் திறந்தாயிற்று. ஆனால் வாத்தியாரம்மா வருஷத்தில் சில தடவைதான் வருகிறார். அவர் லண்டன் திரும்பிய பின், சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியைப் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று தாங்களாகவே செய்து கொண்டிருக்க வேண்டும், அடுத்த தடவை அவர் வரும் வரை.